லிட்டில் பிக்ஹார்ன் போர் (1876): மாறுபடும் பார்வைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க எல்லைப்புறப் போர்களில் லிட்டில் பிக்ஹார்ன் அளவுக்கு எழுதப்பட்டதும் வரையப்பட்டதும் வாதிடப்பட்டதும் வேறொன்று இல்லை எனலாம். தோற்ற தளபதியின் பெயர் உலகமெங்கும் தெரிந்திருக்கிறது. வென்றவர்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள விடைகள் அந்தக் குறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

சுருக்கமாக, அன்று என்ன நடந்தது?

1876 ஜூன் 25 அன்று, இன்றைய மொன்டானா மாநிலத்தில், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் கஸ்டரின் தலைமையில் சென்ற அமெரிக்க 7ஆவது குதிரைப்படை, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கூடாரமிட்டிருந்த லகோட்டா, ஷையான், அரபாஹோ ஆகிய பூர்வகுடி மக்களின் பெரிய குடியிருப்பைத் தாக்கியது. 12 கம்பெனிகளை, அதாவது சிறு படைப்பிரிவுகளை, கொண்ட தம் படையைக் கஸ்டர் பிரித்தார். மேஜர் மார்கஸ் ரீனோவிடம் மூன்று கம்பெனிகளும், கேப்டன் ஃபிரெடரிக் பென்டீனிடம் மூன்று கம்பெனிகளும் தரப்பட்டன. ஒரு கம்பெனி பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளுக்குக் காவலாக நின்றது. எஞ்சிய ஐந்து கம்பெனிகளைக் கஸ்டர் தாமே நடத்திச் சென்றார். தெற்கு முனையைத் தாக்கிய ரீனோ விரைவிலேயே முறியடிக்கப்பட்டு, ஆற்றைக் கடந்து மேட்டுக்குத் தப்பி ஓடினார். பென்டீன் அங்கே வந்து அவருடன் சேர்ந்துகொண்டார். வடக்கே சென்ற கஸ்டரும் அவருடன் இருந்த ஏறத்தாழ 210 பேரும் ஒருவர்கூட மிஞ்சாமல் மாண்டனர். மேட்டில் முற்றுகைக்குள்ளானவர்கள் மறுநாள் மாலை வரை தாக்குப்பிடித்தனர். குடியிருப்பு கலைந்து தெற்கு நோக்கி நகர்ந்த பிறகே அவர்களால் மூச்சுவிட முடிந்தது. அந்த இரு நாள்களில் 7ஆவது குதிரைப்படை இழந்தவர்கள், காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 268 பேர்.

கஸ்டரின் குடும்பத்துக்கு அது ஒரே நாளில் நேர்ந்த பேரிழப்பு. அவருடைய தம்பியர் தாமஸ், பாஸ்டன், சகோதரியின் கணவர் ஜேம்ஸ் கால்ஹூன், சகோதரியின் மகனான பதின்வயது இளைஞன் ஆகியோரும் அதே களத்தில் இறந்தனர்.

அந்தப் படை ஏன் அங்கே சென்றது?

எல்லாக் கேள்விகளிலும் முதலில் கேட்கப்பட வேண்டியது இதுதான். ஆனால் பல நூல்களில் இது ஒரு முன்னுரைப் பத்தியாகச் சுருங்கிவிடுகிறது.

1868இல் லாரமி கோட்டையில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, இன்றைய தெற்கு டகோட்டாவின் மேற்குப் பாதி முழுவதும், பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி உட்பட, லகோட்டா மக்களுக்கே உரியது என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. அதற்கு மேற்கேயிருந்த பௌடர் ஆற்றுப் பகுதி அவர்கள் வேட்டையாடுவதற்குரிய, விட்டுக்கொடுக்கப்படாத நிலம் என்றும் கூறப்பட்டது. ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியைப் பின்னாளில் பெற வேண்டுமானால், வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட வேண்டும் என்பது அதன் 12ஆம் பிரிவு. எழுத்தில் இருந்த இந்த வாக்குறுதி ஆறு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 1874இல், ஆயிரம் பேர் அளவிலான படையுடன் பிளாக் ஹில்ஸுக்குள் நுழைந்து, அங்கே தங்கம் உண்டு என்று உலகுக்கு அறிவித்தவர் கஸ்டரேதான். தங்கம் தேடுவோர் கூட்டம் கூட்டமாகப் புகுந்தனர். அவர்களை வெளியேற்ற வேண்டியது அரசின் கடமை. தொடக்கத்தில் அரைமனத்தோடு அதைச் செய்த அரசு, 1875இல் மலையை விலைக்குக் கேட்டது. லகோட்டா மக்கள் மறுத்துவிட்டனர்.

அதன் பிறகு நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல இயலாது. 1875 நவம்பரில் குடியரசுத் தலைவர் கிராண்ட் வெள்ளை மாளிகையில் தம் தளபதிகளையும் உள்துறை அதிகாரிகளையும் கூட்டிப் பேசினார். தங்கம் தேடி வருவோரை இனி படை தடுக்காது என்பது அங்கே முடிவாயிற்று. டிசம்பரில் ஓர் ஆணை பிறந்தது: வேட்டை நிலங்களில் இருக்கும் குழுக்கள் அனைத்தும் 1876 ஜனவரி 31க்குள் அரசு முகாம்களுக்கு வந்து சேர வேண்டும், வராதவர்கள் பகைவராகக் கருதப்படுவர். கடும் பனிக்காலத்தில், குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்யச் சொன்ன ஆணை அது. சில குழுக்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததே தாமதமாகத்தான். கெடு முடிந்த மறுநாளே பொறுப்பு போர்த்துறைக்கு மாற்றப்பட்டது. ஆகவே, தமக்கு உடன்படிக்கை தந்த நிலத்தில் வேட்டையாடிக்கொண்டிருந்த மக்கள் ஒரு தேதியைக் காரணம் காட்டிப் பகைவராக்கப்பட்டனர் என்பதே சரியான விவரிப்பு.

போரை எந்தப் பெயரால் அழைப்பது? ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா?

ஆங்கிலத்தில் நெடுங்காலம் இது கஸ்டரின் பெயராலேயே அறியப்பட்டது. ‘கஸ்டர் படுகொலை’ என்றும், ‘கஸ்டரின் இறுதிப் போர்’ என்றும் எழுதினார்கள். லகோட்டா மக்கள் அந்த ஆற்றைச் செழித்த புல்லின் பெயரால் அழைப்பவர்கள். அவர்களுக்கு இது ‘கிரீஸி கிராஸ் போர்’. ஆற்றின் பெயரைச் சுட்டும் ‘லிட்டில் பிக்ஹார்ன் போர்’ என்பதே இன்று பொதுவான வழக்கு.

‘செவ்விந்தியர்’ என்பது சிவகாசியிலிருந்து வந்த கௌபாய் சித்திரக்கதைகளின் வழியே நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே பழகிப்போன சொல். கொலம்பஸின் தவறும் தோலின் நிறமும் சேர்ந்து பிறந்த அந்தச் சொல்லுக்குள் ஒருவரோடொருவர் போரிட்ட, வெவ்வேறு மொழி பேசிய, நூற்றுக்கணக்கான இனங்கள் அடங்கிப்போகின்றன. லிட்டில் பிக்ஹார்னைப் புரிந்துகொள்ள அது உதவாது. ஏனென்றால் அங்கே பூர்வகுடியினர் இரு பக்கத்திலும் இருந்தனர். லகோட்டா, ஷையான், குரோ, அரிக்கரா என்று இனப்பெயரைச் சொல்வதே நல்லது; பொதுவாகச் சுட்ட வேண்டியபோது ‘பூர்வகுடியினர்’ என்பது போதும்.

தோல்விக்குக் கஸ்டர்தான் காரணமா?

நூற்றைம்பது ஆண்டுகளாகப் படைவரலாற்று ஆர்வலர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. போர் நடந்து சில வாரங்களிலேயே, இது கஸ்டரே வரவழைத்துக்கொண்ட வீணான உயிர்ப்பலி என்று குடியரசுத் தலைவர் கிராண்ட் ஒரு செய்தித்தாளிடம் கூறினார். அவர் நடுநிலையாளர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் வசந்தத்தில்தான், எல்லைப்புறக் கோட்டைகளின் கடை உரிமங்களில் நடந்த ஊழல் பற்றி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு ஒன்றின் முன் கஸ்டர் சாட்சியம் அளித்து, கிராண்டின் கோபத்துக்கு ஆளாகியிருந்தார்.

கஸ்டரைக் குறைகூறுவோர் எடுத்துக்காட்டுவன பல. விசைச்சுழற்றியால் விரைந்து சுடும் கேட்லிங் துப்பாக்கிகளையும் 2ஆவது குதிரைப்படையின் நான்கு கம்பெனிகளையும் உடன் கொண்டுசெல்லலாம் என்று சொல்லப்பட்டபோது அவர் வேண்டாம் என்றார். எதிரியின் எண்ணிக்கை தெரியாமல் படையைப் பிரித்தார். களைத்த குதிரைகளோடு, நண்பகலுக்குப் பின், நிலவமைப்பை ஆராயாமல் தாக்கினார். மறுபக்கத்தில் அவருக்காக வாதிடுவோருக்கும் சொல்ல உண்டு. மேலதிகாரியான ஜெனரல் டெர்ரி கொடுத்த எழுத்தாணை, சூழ்நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கஸ்டருக்கு அளித்திருந்தது. கேட்லிங் துப்பாக்கிகள் அந்தக் கரடுமுரடான பாதையில் படையைத் தாமதப்படுத்தியிருக்கும். படையைப் பிரித்துப் பல திசைகளிலிருந்து தாக்குவது அக்காலக் குதிரைப்படையின் வழக்கமான முறைதான். ஜூன் 26 விடியலில் தாக்குவதே முதல் திட்டம். பாதையில் விழுந்திருந்த ரொட்டிப் பெட்டியை எடுக்கத் திரும்பிச் சென்ற வீரர்கள் அங்கே சில பூர்வகுடியினரைக் கண்டதால், தாங்கள் வந்திருப்பது தெரிந்துவிட்டது என்று கஸ்டர் முடிவுசெய்து அவசரப்பட்டார்.

இந்த விவாதத்தில் ஒன்று எளிதில் மறைந்துபோகிறது. எதிரி தன்னைத் தோற்கடிப்பான் என்ற அச்சம் கஸ்டருக்கு இருக்கவில்லை; எதிரி தப்பிவிடுவான் என்பதே அவருடைய கவலை. 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில், சமாதானத்தை நாடிய ஷையான் தலைவர் பிளாக் கெட்டிலின் குடியிருப்பை அவர் விடியலில் தாக்கினார். பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். பிணைக்கைதிகள் கையில் இருந்ததால்தான் அருகிலிருந்த மற்றக் குடியிருப்புகளின் வீரர்கள் அவரைத் தாக்கத் தயங்கினர். லிட்டில் பிக்ஹார்னில் அவர் வடக்கே மேலும் மேலும் சென்றது, தப்பி ஓடும் பெண்களையும் குழந்தைகளையும் அங்கே மடக்குவதற்காகத்தான் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். களத்தின் அமைப்போடு மிகவும் பொருந்திவரும் விளக்கம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அதை ஏற்றுக்கொண்டால், ‘துணிச்சலா, அவசரபுத்தியா’ என்ற பழைய வாதம் வேறு நிறம் பெறும்.

தோல்விக்கு இன்னொரு விளக்கமும் உண்டு, அது எளியது. அவரை எதிர்த்தவர்கள் நன்றாகப் போரிட்டார்கள். எட்டு நாள்களுக்கு முன்பு, ஜூன் 17 அன்று, ரோஸ்பட் ஓடையில் ஜெனரல் குரூக்கின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையை அதே மக்கள் தடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தனர். அந்தச் செய்தி கஸ்டரை எட்டவேயில்லை. கோடை வேட்டைக்காக அரசு முகாம்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களால் குடியிருப்பு பெருகி, ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரம் வரையிலான வீரர்கள் அங்கே இருந்தனர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் மதிப்பீடு. தம் மனைவியரும் பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கப் போரிடுபவர்கள் பின்வாங்குவார்கள் என்று எதிர்பார்த்ததே அடிப்படைப் பிழை.

ரீனோவும் பென்டீனும் கஸ்டரைக் கைவிட்டார்களா?

கஸ்டரிடமிருந்து வந்த கடைசிச் செய்தி ஒரு தாளில் அவசரமாகக் கிறுக்கப்பட்டது. பென்டீன் வர வேண்டும், குடியிருப்பு பெரியது, விரைய வேண்டும், பொதிகளைக் கொண்டுவர வேண்டும் என்ற சில சொற்களே அதில் உள்ளன. எழுதிய துணை அதிகாரி குக், கையொப்பத்துக்குக் கீழே பொதிகளைப் பற்றி மீண்டும் ஒருமுறை எழுதினார். அந்த வேகத்தில் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிற்று. இத்தாலியிலிருந்து வந்து, ஆங்கிலம் சரியாகப் பேசவராத ஜியோவன்னி மார்ட்டினி என்ற எக்காள வீரர் அதை எடுத்துச் சென்றார். கஸ்டரின் பிரிவைவிட்டு வெளியேறி உயிர்பிழைத்த கடைசி வெள்ளை வீரர் அவரே.

பென்டீன் அந்தத் தாளைப் படித்தார். ஆனால் ரீனோவின் சிதறிய படையைக் கண்டதும் மேட்டிலேயே நின்றுவிட்டார். கேப்டன் வியர் தாமாகவே வடக்கே ஒரு முகடு வரை சென்று தொலைவில் புழுதியைக் கண்டார். பின்னர் அனைவரும் துரத்தப்பட்டு மேட்டுக்கே திரும்பினர். வாஷிட்டாவில் மேஜர் எலியட்டையும் அவருடன் சென்றவர்களையும் கஸ்டர் தேடாமல் விட்டுவந்தார் என்று பென்டீன் அவரை வெறுத்து வந்தது உண்மை. ரீனோவின் பக்கத்திலேயே நின்ற அரிக்கரா வழிகாட்டி பிளடி நைஃப் தலையில் சுடப்பட்டு, அவருடைய இரத்தம் ரீனோவின் முகத்தில் தெறித்தது. அதன் பிறகு ரீனோவின் கட்டளைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன என்பதும் பதிவாகியிருக்கிறது. 1879இல் ரீனோவின் வேண்டுகோளின் பேரில் சிகாகோவில் கூடிய விசாரணை மன்றம் அவரைத் தண்டிக்க எதுவும் இல்லை என்று முடித்தது. மேட்டில் ஏற்கெனவே காயம்பட்டவர்களோடு இருந்த படையால் கஸ்டரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதே இன்று பலருடைய முடிவு. முயன்றார்களா என்பது தனிக்கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடை அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

ஒருவர்கூட மிஞ்சவில்லை என்றால், கஸ்டரின் பிரிவுக்கு நேர்ந்தது எப்படித் தெரியும்?

‘ஒருவர்கூட மிஞ்சவில்லை’ என்ற சொற்றொடரே ஒரு பக்கத்துப் பார்வை. அந்தப் போரை நேரில் கண்டு உயிரோடிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களில் பலர் 1930கள் வரைகூட வாழ்ந்தனர். அவர்கள் சொன்னதைப் பெரும்பாலோர் நம்பவில்லை என்பதே உண்மை.

நம்பாததற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாட்சியம் சொன்னவர்கள் சரணடைந்து அரசு முகாம்களில் இருந்தவர்கள். தண்டனை வருமோ என்ற அச்சத்தில், கேட்பவருக்குப் பிடித்ததைச் சொன்ன நேரங்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் அரைகுறையாக இருந்தனர். ஒவ்வொரு வீரரும் தாம் கண்டதையும் செய்ததையும் மட்டுமே சொல்வது அவர்களுடைய மரபு. முழுக் களத்தின் வரைபடத்தை எதிர்பார்த்து வந்த ராணுவ அதிகாரிகளுக்கு அது குழப்பமாகப் பட்டது. ஆனால் அந்தக் குழப்பம் கேட்டவர்களுடையது.

மினிகோன்ஜு லகோட்டா இனத்தைச் சேர்ந்த ரெட் ஹார்ஸ் 1881இல் ஒரு ராணுவ மருத்துவரிடம் தம் நினைவுகளைச் சொன்னதோடு, 42 தாள்களில் வரைந்தும் கொடுத்தார். அவை இன்று ஸ்மித்சோனியன் காப்பகத்தில் உள்ளன. குடியிருப்பின் கூடாரங்கள், மோதும் குதிரைகள், இறந்த வீரர்கள், இறந்த குதிரைகள், இறுதியில் குடியிருப்பைவிட்டுக் கிளம்பும் மக்கள் என்று அவை விரிகின்றன. குதிரைகள் மட்டுமே நிறைந்த தாள்களும் உண்டு. நீலமும் சிவப்பும் பழுப்புமாக வரிசையாக விழுந்துகிடக்கும் அந்த உடல்களில் வெற்றிக் களிப்பு எங்கும் தென்படவில்லை.

1983 ஆகஸ்டில் காட்டுத்தீ ஒன்று களத்தின் புல்லையும் புதரையும் எரித்துத் தரையை வெளிக்காட்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள், உலோகம் கண்டறியும் கருவிகளோடு வந்த தன்னார்வலர்களின் துணையுடன் களத்தை அளந்து ஆராய்ந்தனர். ஒவ்வொரு துப்பாக்கியின் சுடுமுளையும் தோட்டா உறையின் அடியில் தனக்கேயுரிய தழும்பை விட்டுச்செல்லும், கைரேகையைப் போல. ஓர் உறை இங்கேயும், அதே தழும்புள்ள இன்னொன்று சில நூறு கஜம் தள்ளியும் கிடந்தால், அந்தத் துப்பாக்கியை ஏந்தியவர் எந்த வழியாக நகர்ந்தார் என்பது தெரிந்துவிடும். இப்படிக் கிடைத்த சித்திரம், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புறக்கணிக்கப்பட்ட லகோட்டா, ஷையான் சாட்சியங்களோடு பல இடங்களில் ஒத்துப்போயிற்று. பூர்வகுடி வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் போன்ற, அடுத்தடுத்துச் சுடக்கூடிய துப்பாக்கிகள் கணிசமாக இருந்தன என்பதும் உறுதியாயிற்று. படையினரிடம் இருந்தவை ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவை இட்டுச் சுட வேண்டிய ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்கள்.

ஓவியங்களில் காண்பதுபோல் ‘இறுதி எதிர்ப்பு’ உண்மையில் நடந்ததா?

குன்றின் உச்சியில், கொடியைச் சுற்றி, கடைசித் தோட்டா வரை போரிட்டு விழும் வீரர்கள். உலகுக்குப் பழகிய காட்சி இது. குன்றின் மேல் ஏறத்தாழ நாற்பது பேர் ஒன்றாக இறந்தனர், குதிரைகளைச் சுட்டு வீழ்த்தி அவற்றின் மறைவில் நின்றனர் என்பதற்குச் சான்று உண்டு. ஆகவே அங்கே எதிர்ப்பே இல்லை என்பது பொய். ஆனால் ஃபாக்ஸின் ஆய்வு முன்வைப்பது வேறு கதை: வியூகம் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தது, அச்சம் பரவியது, வீரர்கள் கூட்டமாக ஓடிச் சேர்ந்தனர், முடிவு விரைவாக வந்தது. பசித்தவன் உணவு உண்டு முடிக்கும் நேரம்தான் பிடித்தது என்று ஒரு வீரர் சொன்னதாக வழங்கும் கூற்றும் இதற்கு இசைவானது. ஃபாக்ஸ் அளவுக்கு மீறிச் செல்கிறார், உறைகளை நினைவுப்பொருளாகப் பொறுக்கிச் சென்றவர்கள் பலர் என்பதை மறந்துவிடுகிறார் என்று மறுப்போரும் உள்ளனர்.

மாண்ட வீரர்களின் மானத்தை இது குறைப்பதாகச் சிலர் வருந்துகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் 13 டாலர் ஊதியத்துக்குச் சேர்ந்த, அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த, குறிபார்த்துச் சுடும் பயிற்சிகூடப் போதிய அளவு பெறாத இளைஞர்கள் அவர்களில் பலர். அந்த நிலையில் அஞ்சி ஓடுவது மனித இயல்பு.

கஸ்டரைக் கொன்றது யார்?

உறுதியாக விடை சொல்ல யாராலும் இயலாது. முன்பு நீளமாக இருந்த முடியை அவர் கத்தரித்திருந்தார். புழுதியிலும் புகையிலும் பலருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. உடலில் இடப்பக்க நெஞ்சிலும் இடப்பக்க நெற்றிப்பொட்டிலும் இரு குண்டுக் காயங்கள் இருந்தன, தலைத்தோல் உரிக்கப்படவில்லை. ரோஸ்பட் போரில் தம் சகோதரரைக் காப்பாற்றிய பஃபலோ காஃப் ரோடு உமன் என்ற ஷையான் பெண்ணே கஸ்டரைக் குதிரையிலிருந்து வீழ்த்தினார் என்று வடக்கு ஷையான் மக்களின் கதைசொல்லிகள் 2005இல் பொதுவெளியில் கூறினர்.

ஷையான் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவதில் இதைவிட ஆழமான ஒன்று உண்டு. களத்தில் இருந்த கேட் பிக்ஹெட் என்ற ஷையான் பெண் பின்னாளில் சொன்னது அது. தெற்கு ஷையான் பெண்கள் இருவர் இறந்துகிடந்த கஸ்டரை அடையாளம் கண்டு, தையல் ஊசியால் அவருடைய காதுகளைத் துளைத்தனராம். 1869இல் அவர் ஷையான் தலைவர்களோடு அமர்ந்து புகைக்குழலைப் புகைத்து, இனிப் போரிடமாட்டேன் என்று வாக்களித்தார். வாக்கை மீறினால் இறப்பாய் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த உலகிலாவது நன்றாகக் கேட்கட்டும் என்பதே அந்தப் பெண்களின் எண்ணம். உடலைப் புதைத்தவர்களின் குறிப்புகளில் இந்தத் துளைகள் இல்லை. அந்த மக்கள் இந்தப் போரை எதனோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை வேறில்லை.

குரோ, அரிக்கரா மக்கள் ஏன் படைக்கு வழிகாட்டினார்கள்? அவர்கள் துரோகிகள் அல்லரா?

அல்லர். போர் நடந்த நிலமே குரோ மக்களுடையது. 1851 உடன்படிக்கை அதை அவர்களுடையது என்றது. 1868இல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள்ளும் அது இருந்தது. கிழக்கேயிருந்து வந்த லகோட்டா மக்கள் பல பத்தாண்டுகளாக அவர்களுடைய வேட்டை நிலங்களை ஆக்கிரமித்துவந்தனர். மிசௌரி ஆற்றங்கரையில் பயிர்செய்து வாழ்ந்த அரிக்கரா மக்களோ அம்மையாலும் லகோட்டா தாக்குதல்களாலும் மெலிந்துபோனவர்கள். பெரும்பகை நெருக்கும்போது இன்னொரு வலியவனின் துணையைத் தேடுவது எந்தச் சிறு நாட்டுக்கும் புதிதல்ல. கர்லி, வைட் மேன் ரன்ஸ் ஹிம், கோஸ் அஹெட், ஹேரி மொக்காசின் ஆகிய குரோ வழிகாட்டிகள், குடியிருப்பு மிகப் பெரியது என்பதை அறிந்தே கஸ்டரோடு சென்றனர். போர் தொடங்கும்முன் விடுவிக்கப்பட்டதால் பிழைத்தனர்.

லகோட்டா மக்களும் பிறர் நிலத்தைக் கைப்பற்றியவர்கள்தாமே, அப்படியானால் அமெரிக்கா செய்ததில் என்ன தவறு என்று கேட்போர் உண்டு. பாதி உண்மையைக் கொண்டு முழுத் தவறை மறைக்கும் வாதம் அது. குரோ மக்களின் குறை லகோட்டாவின் மீது நியாயமானது. ஆனால் அமெரிக்க அரசு தானே கையெழுத்திட்டுக் கொடுத்ததை மீறியதற்கு அது விடை ஆகாது. துணைநின்ற குரோ மக்களின் நிலமும் பின்னர் துண்டுதுண்டாகக் குறைக்கப்பட்டது.

இது ‘படுகொலை’யா?

இல்லை. ஆயுதம் தாங்கிய படை ஒன்று குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பைத் தாக்கி, போரில் தோற்றது. ஆங்கிலத்தில் ‘கால்’ (Gall) என்றழைக்கப்பட்ட ஹங்க்பாப்பா லகோட்டா தலைவர் பீஸி, ரீனோவின் முதல் தாக்குதலிலேயே தம் மனைவியர் இருவரையும் பிள்ளைகள் மூவரையும் இழந்தார். அதன் பிறகு தம் நெஞ்சம் தீயதாயிற்று என்று பத்தாண்டுகள் கழித்து அதே களத்தில் நின்று சொன்னார். வென்றவர்களின் பக்கத்தில் இறந்தோரைப் பற்றிய மதிப்பீடுகள் ஏறத்தாழ 30 முதல் 100 வரை வேறுபடுகின்றன. உடல்கள் சிதைக்கப்பட்டன என்பது உண்மை. சினமும் துயரமும் மேலோங்கிய நிலையில் நடந்த அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

கஸ்டர் எப்படிக் காவிய நாயகர் ஆனார்?

நேரம் ஒரு காரணம். நாடு தன் நூறாவது விடுதலை நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1876 ஜூலை முதல் வாரத்தில், செய்தி கிழக்கு நகரங்களை எட்டியது. அவருடைய மனைவி எலிசபெத் இன்னொரு காரணம். 57 ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து 1933இல் மறைந்த அவர், மூன்று நூல்கள் எழுதினார்; ஊர் ஊராகப் பேசினார். அவர் உயிரோடிருக்கும்வரை கணவரைக் கடுமையாக விமர்சிக்கப் பலர் தயங்கினர். 1896 முதல் ஒரு பீர் நிறுவனம் அந்தப் போர்க்காட்சியை வண்ணத்தில் அச்சிட்டு நாடெங்கும் மதுக்கூடங்களில் தொங்கவிட்டது. 1960களில் காற்று திசைமாறியது. வியட்நாம் போருக்குப் பின் அதே கஸ்டர் ஆணவத்தின் உருவமானார். நாயகராகவோ கொடியவராகவோ அவரை நடுவில் நிறுத்தும் வரை, ஆற்றங்கரைக் கூடாரங்களில் இருந்தவர்கள் பின்னணியாகவே இருப்பார்கள்.

வென்றவர்களுக்கு என்ன நேர்ந்தது?

வெற்றி அவர்களுக்கு ஓராண்டுகூடப் பயன்தரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், பிளாக் ஹில்ஸை விட்டுக்கொடுக்கும்வரை உணவுப்பொருள் இல்லை என்று காங்கிரஸ் சட்டம் செய்தது. நான்கில் மூன்று பங்கு கையொப்பம் வேண்டும் என்ற விதி காற்றில் விடப்பட்டது. பத்தில் ஒரு பங்கு ஆண்கள்கூடக் கையொப்பமிடாத ஆவணத்தைக் கொண்டு 1877 பிப்ரவரி 28 அன்று மலை பறிக்கப்பட்டது. 1877 மே மாதம் சரணடைந்த லகோட்டா போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸ், செப்டம்பர் 5 அன்று ராபின்சன் கோட்டையில் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கனடாவுக்குச் சென்ற லகோட்டா தலைவர் சிட்டிங் புல், பசியால் வாடிய தம் மக்களோடு 1881இல் திரும்பிச் சரணடைந்தார். 1890 டிசம்பர் 15 அன்று கைதுசெய்ய வந்த காவலர்களால் சுடப்பட்டார். இரண்டு வாரங்கள் கழித்து, டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீ ஓடையில், ஆயுதங்களை ஒப்படைத்துக்கொண்டிருந்த லகோட்டா மக்கள் 250 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளும் பாதிக்கு மேல். சுட்டது அதே 7ஆவது குதிரைப்படை. படுகொலை என்ற சொல் பொருந்தும் இடம் அதுதான்.

பிளாக் ஹில்ஸ் வழக்கு இன்னும் முடியவில்லை என்பது உண்மையா?

உண்மை. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மலை சட்டத்துக்குப் புறம்பாகப் பறிக்கப்பட்டது என்பதை ஏற்று, 1877ஆம் ஆண்டு மதிப்பையும் வட்டியையும் சேர்த்து 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை உறுதிசெய்தது. லகோட்டா மக்கள் அதை வாங்கவில்லை. அந்தப் பணம் இன்று 100 கோடி டாலரைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் வாழும் அவர்கள் இன்றும் அதைத் தொட மறுக்கிறார்கள். வாங்கினால் விற்றதாக ஆகிவிடும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இதற்கிடையில் அந்த மலையிலிருந்த ஹோம்ஸ்டேக் என்ற ஒரே சுரங்கத்திலிருந்து, 2002இல் மூடப்படும்வரை, ஏறத்தாழ 4 கோடி அவுன்ஸ் தங்கம் வெட்டியெடுக்கப்பட்டது. நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள் செதுக்கப்பட்ட ரஷ்மோர் மலையும் அங்கேதான் இருக்கிறது.

களத்தின் பெயர் ஏன் மாற்றப்பட்டது? இன்று அங்கே என்ன இருக்கிறது?

1881இல் குன்றின் உச்சியில், இறந்த படையினரின் பெயர்களைப் பொறித்த கிரானைட் தூண் நிறுவப்பட்டது. 1890இல் அவர்கள் விழுந்த இடங்களில் வெண்பளிங்குக் கற்கள் நடப்பட்டன; இறந்தவர்களைவிடக் கற்கள் அதிகம் என்பதும், இரட்டையாக நிற்கும் கற்கள் பெரும்பாலும் ஒரே உடலைக் குறிப்பவை என்பதும் பிற்கால அகழாய்வில் தெரியவந்தது. வென்றவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஒரு நினைவுச்சின்னமும் இல்லை. 1988இல் அமெரிக்கப் பூர்வகுடி இயக்கத்தின் ரஸ்ஸல் மீன்ஸ் தம் குழுவினரோடு வந்து, மாண்ட படையினரின் பொதுக்கல்லறை மீது ஓர் இரும்புப் பலகையைப் பதித்துச் சென்றார். கல்லறையை அவமதித்த செயல் என்று பலர் கொதித்தனர். அவர்களுடைய வருத்தத்தை மதிக்கிறேன். வேறு எந்த வழியிலும் அந்தப் பேச்சு தொடங்கவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

வடக்கு ஷையான் மரபினரான காங்கிரஸ் உறுப்பினர் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல் முன்னின்று முயன்றதால், 1991 டிசம்பர் 10 அன்று ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம், கஸ்டரின் பெயரை நீக்கி ஆற்றின் பெயரைக் களத்துக்குச் சூட்டியது. போர்க்களங்களுக்கு மனிதரின் பெயர் வைப்பதில்லை என்பது அமெரிக்காவின் பொது வழக்கும்கூட. 1999 முதல், லகோட்டா, ஷையான் வீரர்கள் விழுந்த இடங்களில் செந்நிறக் கிரானைட் கற்கள் நடப்படுகின்றன. அவர்களைக் குடும்பத்தினர் அன்றே எடுத்துச் சென்றுவிட்டதால், எங்கே விழுந்தார்கள் என்பது குடும்பங்களின் நினைவிலிருந்தே தெரியவந்தது.

2003 ஜூன் 25 அன்று பூர்வகுடி நினைவிடம் திறக்கப்பட்டது. நிலத்துக்குள் தாழ்ந்த வட்ட வடிவமான மண்மேடு அது. உள்ளே போரில் பங்கேற்ற இனங்களின் பெயர்களும் சொற்களும் சுவரில் உள்ளன. கஸ்டருக்கு வழிகாட்டிய குரோ, அரிக்கரா மக்களுக்கும் அதில் இடமுண்டு. மேலே, கம்பியால் வனைந்த குதிரைவீரர் உருவங்கள் வானத்தின் பின்னணியில் நிற்கின்றன. வட்டத்தின் ஒரு பக்கத்தில் சுவர் வேண்டுமென்றே பிளந்து விடப்பட்டிருக்கிறது. அதற்கு ஆவி வாயில் என்று பெயர்; அதன் வழியே பார்த்தால் எதிர்க்குன்றில் 7ஆவது குதிரைப்படையின் தூண் தெரியும். அங்கே மாண்டவர்களின் ஆவிகள் உள்ளே வரட்டும் என்று அந்த வழி விடப்பட்டிருக்கிறது.